கூடமாட வந்த மயிலை

சுவருக்கு அந்தப் பக்கம் கொள்ளு தீய்கிறது. உன் வீட்டுக்காரர்தான் வேகவைக்கிறார். தண்ணீர் போதாமல் அடுப்பில் ஏற்றிவிட்டு எங்கேயோ போய்விட்டார் போலிருக்கிறது. அந்த வாசனை நம் நடுச்சுவரைத் தாண்டி என் அடுப்படியில் வந்து உட்கார்ந்துகொண்டு எழுந்து போகமாட்டேன் என்கிறது. நீ கொள்ளு வேகவைத்தால் மூடியைச் சற்றுச் சாய்த்து வைப்பாய். வெந்ததா இல்லையா என்று வாசனையை வைத்தே நான் இந்தப் பக்கமிருந்து சொல்லிவிடுவேன்.

முந்தாநாள் நல்ல மழை. மழைக்குப் பிறகு கொள்ளு வேகிறது என்றால் மாட்டுக்குத் தெம்பு ஏற்றி ஏர் பூட்டப் போகிறார் என்றுதானே அர்த்தம்? ஒரு நொடி என் மனசு குளிர்ந்துதான் போயிற்று. அப்புறம் உன் மகள் ஓடிவந்தாள். “பெரிம்மா, செவலைக்குக் கொள்ளு வெக்கிறோம். கொள்ளு தின்னா பளபளன்னு ஆயிடுமாம். நாளைக்கு அது சந்தைக்குப் போவுது” என்றாள், திருவிழாவுக்குப் போவதைச் சொல்வதுபோல. நாளைக்குக் குந்தாரப்பள்ளிச் சந்தை.

செவலையை விற்றுவிட்டு, உழுகிற கொல்லையைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு பெங்களூருக்குப் போய் ஏதாவது மில்லில் சேர்ந்துகொள்வாராம். ஊரெல்லாம் தெரிந்த பிறகு எனக்குத் தெரிகிறது. என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். காதில் விழாத மாதிரி வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம் அடங்கவில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

உனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஊரில் யாருக்குக் காகிதம் வந்தாலும் என்னிடம்தான் கொண்டுவருவார்கள். நான் படிக்கும்போது நீ பக்கத்தில் வந்து குந்திக்கொண்டு, “அக்கா, இதுல அவங்க அழுதாங்கன்னு எங்க எழுதியிருக்குது, காட்டுங்க” என்று விரல் வைத்துத் தேடுவாய். நீ இருந்திருந்தாலும் இந்தக் காகிதத்தை நானேதான் உனக்குப் படித்துக் காட்ட வேண்டியிருக்கும். ஆகவே பெரிதாக ஒன்றும் மாறிவிடவில்லை என்று சொல்லிக்கொள்கிறேன். பொய்தான். மார்கழியோடு எல்லாம் மாறிவிட்டது.

நீ இந்த வீட்டுக்கு வந்த மறுநாள் நினைவிருக்கிறதா? ஓசூருக்கு அந்தப் பக்கம், தளியைத் தாண்டி, வீட்டில் கன்னடமும் சந்தையில் தெலுங்கும் பேசுகிற ஊர் உன்னுடையது. நம் மாமியாருக்குத் தூரத்துச் சொந்தம் என்று சொல்லிக் கட்டிக்கொண்டு வந்தார்கள். தமிழ் உனக்கு அரைகுறை. கல்யாண வீட்டுக் கும்பல் கலையவில்லை, பெரிய சட்டியில் களி கிண்டிக்கொண்டிருந்த எரிச்சலில் நான், “ஏ புள்ளே, சும்மா நிக்காதே. கூடமாட இரு” என்று ஒரு அதட்டுப் போட்டேன்.

“அது ஏனு கெலசா அக்கா?” என்றாய். என்ன வேலை அது என்று கேட்கிறாய் என்பது எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. சிரிப்பு வந்துவிட்டது. நானும் யோசித்துப் பார்க்கிறேன், கூடமாட என்றால் என்ன வேலை? தண்ணீர் மொள்வதா, விறகு தள்ளுவதா, மாவு அள்ளிப் போடுவதா? எல்லாம்தான். எதுவுமில்லைதான். “எம்பக்கத்துல நில்லு. எனக்கு எது வேணுமோ அது உனக்கே தெரியும்” என்று சொல்லிவிட்டேன். நீ வந்து நின்றாய். சட்டி ஆடியபோது நான் கேட்காமலே இரண்டு கையாலும் கரித்துணியைச் சுற்றி அதைப் பிடித்துக்கொண்டாய். அன்றைக்கே எனக்கு உன்னைப் பிடித்துவிட்டது. வெளியில் காட்டிக்கொள்ளவில்லை. ஓரகத்தியிடம் முதல் நாளே பல்லைக் காட்டினால் அப்புறம் தலையில் ஏறி உட்கார்ந்துவிடுவாள் என்று எங்கள் பர்கூர்ப் பக்கம் சொல்லித்தானே அனுப்பியிருந்தார்கள்.

அந்தச் சொல்லை நீ விடவில்லை. நாக்கில் போட்டுப் புரட்டிக்கொண்டே இருந்தாய். ராகிக்கல்லில் எதிரெதிரே உட்கார்ந்து, ஒரே பிடியில் இரண்டு பேரும் கை வைத்துச் சுற்றும்போதுதான் உனக்குப் பேச்சு வரும். “எங்கூர்ல முய்யாளுன்னு சொல்வாங்க அக்கா. இன்னிக்கு உங்க கொல்லைல நான் ஒரு ஆளு. நாளைக்கு எங்க கொல்லைல நீங்க ஒரு ஆளு. வரலைன்னா சண்டைதான். ஆனா உங்க கூடமாடல நாளைக்குன்னு ஒண்ணு இல்லையே. அது எப்பிடி?”

எனக்கும் அது எப்படி என்று தெரியவில்லை. பிறந்ததிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கும் சொல். அதற்கு ஒரு குணம் உண்டு என்று நீ கேட்ட பிறகுதான் யோசித்தேன். வேலை ஒருவருடையது. பக்கத்தில் நிற்பவருக்கு அதில் பங்கும் கிடையாது, கூலியும் கிடையாது, ‘நான்தான் முடித்தேன்’ என்று சொல்லிக்கொள்ளும் உரிமையும் கிடையாது. இருந்தும் அவர் இல்லையென்றால் வேலை முடியாது. இன்னொன்றையும் நீதான் கண்டுபிடித்தாய். “ஆம்பளைங்க இதைச் சொல்றதே இல்ல, கவனிச்சீங்களா? அவங்களுக்கு எல்லாம் கூட்டு, பங்கு, பாகம். கூடமாட இருக்கேன்னு எந்த ஆம்பளையாவது சொல்லிக் கேட்டிருக்கீங்களா?” நான் கேட்டதில்லை. எங்கள் அப்பாகூடச் சொன்னதில்லை.

அப்புறம் பாகப்பிரிவினை வந்தது. காரணத்தை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. நீங்கள் இரண்டு பேரும் உன் அம்மா வீட்டுக்குப் போயிருந்த சமயம், ராகி விதைக்கிற மேட்டுக் கொல்லையில் என் வீட்டுக்காரர் கடலையை விதைத்துவிட்டார். “ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே” என்றார் தம்பி. “உன்னைக் கேட்டுத்தான் நான் விதைக்கணுமா?” என்றார் அண்ணன். அவ்வளவுதான். கடலை முளைக்கும் முன்னால் வீட்டுக்கு நடுவில் மண்சுவர் எழும்பிவிட்டது. ராகிக்கல் இந்தப் பக்கம், உரல் அந்தப் பக்கம். வண்டி எங்களுக்கு, கிணற்றில் மாடு கட்டிக் கவலை இறைக்கும் சாமான் உங்களுக்கு.

மாட்டையும் பிரித்தார்கள். ஊர்ப் பெரியவர்கள் வட்டமாக உட்கார்ந்து, யாருக்கும் குறை வரக்கூடாது என்று ரொம்ப யோசித்து, மயிலை அண்ணனுக்கு, செவலை தம்பிக்கு என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு எழுந்து போனார்கள். இரண்டும் கன்றிலிருந்து ஒரே நுகத்தில் பழகியவை. மயிலை இடத்து மாடு, செவலை வலத்து மாடு. மாற்றிக் கட்டினால்கூட நடக்காது. ஒற்றை மாட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள் என்று அத்தனை பெரிய மனிதர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. பங்கு சரியாக வந்துவிட்டதாம்! அன்றைக்கு நீ என் காதருகே வந்து, “அக்கா, செருப்பையும் ஆளுக்கு ஒண்ணாக் குடுத்துட்டாங்கன்னா தீர்ந்துது” என்றாய். அழுதுகொண்டிருந்த நான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தேன்.

சிரிப்பு அந்த ஒரு நாளோடு சரி. வீம்பு பிடித்த இரண்டு பேரும் ஒருவர் மாட்டை ஒருவர் கேட்கமாட்டார்கள். மழை பெய்து மண் பதமாக இருக்கும் நாலைந்து நாளில் ஊரில் எவன் தன் ஏரை அடுத்தவனுக்குக் கொடுப்பான்? எல்லோரும் தங்கள் கொல்லையை முடித்துவிட்டு நமக்குத் தந்தபோது மண் இறுகிப்போய் ஏர்க்கொழு இறங்கவில்லை. அந்த வருஷம் உங்கள் கொல்லையும் பாதி தரிசு, எங்கள் கொல்லையும் பாதி தரிசு. தை பிறந்ததும் ராகிக் குதிர் அடிதட்டிவிட்டது. சாயங்காலக் களியைப் பிள்ளைகளுக்குப் பங்குவைத்து உருட்டியபோது, உருண்டை என் உள்ளங்கையில் நெல்லிக்காய் அளவுக்கு வந்து நின்றது. சுவருக்கு அந்தப் பக்கம் நீ வெறும் கொள்ளுரசத்தைக் குடித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாய் என்பதும் எனக்குத் தெரியும். இன்னொரு வருஷம் இப்படிப் போனால் நிலத்தை விற்றுவிட்டு, அணை கட்டுகிற இடத்தில் கல் சுமக்கப் போக வேண்டியதுதான் என்று இரண்டு வீட்டிலும் பேச்சு வந்துவிட்டது.

அந்தக் கோடையில்தான் ஜீப்பில் ஒருவர் வந்து, கோயில் முன்னால் ஒலிபெருக்கி வைத்து ‘கூட்டுறவு, கூட்டுறவு’ என்று பேசினார். நல்ல மனுஷர்தான், வியர்க்க விறுவிறுக்கப் பேசினார். கும்பலின் அந்தக் கோடியில் உன் வீட்டுக்காரர், இந்தக் கோடியில் என் வீட்டுக்காரர். இரண்டு பேரும் கை வலிக்கத் தட்டினார்களே, அடியம்மா! நீ என் விலாவில் இடித்து, “கூட்டுறவுன்னா என்ன அக்கா?” என்றாய். “கூடமாட இருக்கறதுதான். ஆனா கையெழுத்துப் போடணும்” என்றேன். நீ சிரித்த சிரிப்பில் முன்னால் உட்கார்ந்திருந்த பெரியவர் திரும்பிப் பார்த்து முறைத்தார்.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன். ஆனி மாதம். முதல் நாள் சாயங்காலம் கொட்டித் தீர்த்த மழையில் கொல்லை முழுக்கக் கறுத்துக் கிடந்தது. விடிந்ததும் என் வீட்டுக்காரர், மயிலைக்கு ஜோடி தேடப் போகிறேன் என்று குந்தாரப்பள்ளிச் சந்தைக்குக் கிளம்பிப் போனார். சந்தை மாடு ஒன்றை அன்றைக்கே பிடித்துவந்து மயிலையோடு கட்டினால் அது பழக எத்தனை நாள் ஆகும்? அதற்குள் ஈரம் போய்விடும். எல்லாம் தெரிந்த மனுஷருக்கு அது மட்டும் தெரியவில்லை. நான் வாசலில் நின்றபடி அவரையும் மேகத்தையும் சேர்த்துத் திட்டிக்கொண்டிருந்தேன்.

நீ வந்தாய். தலைமுடியை அள்ளிச் செருகிக்கொண்டு, இடுப்பில் முந்தானையை இறுக்கிக்கொண்டு, பண்டிகைக்குப் பலகாரம் சுட என்னைக் கூப்பிடும் அதே முகத்தோடு வந்து நின்று, “அக்கா, உங்க மயிலையைக் கொஞ்சம் கூடமாட அனுப்புங்க” என்றாய்.

“மாடு என்னடி சமைக்கவா வருது, கூடமாட இருக்க?”

“ஆமா. எங்க செவலை ஏர் ஓட்டுது. அதுக்கு ஒத்தாசைக்கு ஒருத்தன் வேணும்.”

“ஏ, இவுரு வந்தா என்னை உரிச்சு எடுத்துருவாரு.”

“இரவல் கேட்டா அவுரைக் கேக்கணும். கூட்டுக்குக் கேட்டாலும் அவுரைக் கேக்கணும். கூடமாடன்னா உங்களைக் கேட்டாப் போதும்” என்றாய்.

நான் பல வருஷமாகப் புழங்கும் சொல்லில் இப்படி ஒரு கதவு இருக்கிறது என்று எனக்கே தெரியாது. சந்தையில் பேரம் பேசுகிற புருஷன், சுவருக்கு அந்தப் பக்கம் வீம்போடு உட்கார்ந்திருக்கும் கொழுந்தன், நடுவில் காய்ந்துகொண்டிருக்கிற மண். நான் மயிலையை அவிழ்த்து உன் கையில் கயிற்றைக் கொடுத்தேன். பயமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த நெல்லிக்காய்க் களி உருண்டையை நினைத்தால் பயம் சின்னதாகிவிட்டது.

உன் வீட்டுக்காரர் மட்டும் என்ன சும்மாவா பூட்டினார்? “அண்ணன் மாடு எனக்கு வேணாம்” என்று கலப்பையைக் கீழே போட்டாராமே. “இது உங்க அண்ணன் மாடு இல்ல. எங்கக்கா அனுப்பின மாடு” என்று நீயே நுகத்தைத் தூக்கி வைத்தாயாம். மயிலையும் செவலையும் ஒன்றையொன்று முகர்ந்து பார்த்துவிட்டு, ஒரு வருஷம் பிரிந்திருந்த சுவடே இல்லாமல் அதனதன் பக்கத்தில் போய் நின்றனவாம். இதை நீ சொல்லச் சொல்ல எத்தனை முறை கேட்டிருப்பேன்!

முக்கால் கொல்லை முடிந்திருக்கும். சந்தையிலிருந்து வெறுங்கையோடு வந்த என் வீட்டுக்காரர் பாதையிலேயே பார்த்துவிட்டார். நான் கஞ்சிக் கலயத்தோடு வரப்பில் நிற்கிறேன். நேராக வந்தார், கண் சிவந்துபோய். “யாரைக் கேட்டு என் மாட்டைப் பூட்டினது?” என்று பொத்தாம் பொதுவாகக் கத்தினார். தம்பி மேழியை விட்டுவிட்டு உன்னைப் பார்த்து, “வேணும்னா அவுத்துக்கிட்டுப் போவச் சொல்லு” என்றார். இவர் நுகத்தடிக்கே போய்க் கை வைத்துவிட்டார். பூட்டாங்கயிறு அவிழ்ந்தால் அதோடு இரண்டு கொல்லையும் போயிற்று.

புருஷனுக்கு அண்ணனான மூத்தாரிடம் நேராகப் பேசும் வழக்கம் நம் வீட்டில் ஏது? நீ முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு, அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பி, மயிலையின் கழுத்தைத் தடவியபடி மாட்டிடம் பேச ஆரம்பித்தாய்.

“ஏன்டா மயிலை, உன்னை நான் இரவல் கேட்டனா? பங்குக்குக் கேட்டனா? கூடமாடதானே வந்தே? கூடமாட வந்தவனை நடுச் சால்ல அவுத்துக் கூட்டிட்டுப் போனா ஊரு யாரைப் பாத்துச் சிரிக்கும்? உன்னையா சிரிக்கும்?”

மயிலை காதை ஆட்டியது. இவருடைய கை கயிற்றின் மேல் அப்படியே நின்றது.

“இந்தக் கொல்லை முடியட்டும். செவலை உங்கொல்லைக்குக் கூடமாட வருவான். அவங்கவங்க மேழியை அவங்கவங்க புடிக்கட்டும். அண்ணன் தம்பி மூஞ்சியில முழிக்க வேணாம், பேச வேணாம். நீங்க ரெண்டு பேரும் பேசிக்குங்க, போதும். பசிக்கிற பிள்ளைங்களுக்கு வீம்பைக் கரைச்சு ஊத்த முடியாது பாரு.”

கடைசி வாக்கியத்தில் உன் குரல் உடைந்துவிட்டது. மாட்டிடம் பேசுகிற நினைப்பே உனக்கு அப்போது இல்லை. எனக்கும் கண் நிறைந்துவிட்டது. என் வாய் சும்மா இருக்குமா? “நின்னுகிட்டே இருந்தா நம்ம ஈரமும் காஞ்சிடும். போயிக் கலப்பையை எடுத்துட்டு வாங்க” என்றேன் இவரிடம். அவர் கயிற்றிலிருந்து கையை எடுத்தார். வெற்றிலையைத் துப்பினார். வீட்டுப் பக்கம் நடந்தார். கொஞ்ச நேரத்தில் கலப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து, புங்கமரத்தடியில் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார், முறை வரட்டும் என்று!

அந்த வருஷம் இரண்டு குதிரும் நிறைந்தது. அன்றிலிருந்து அதுவே நம் வழக்கமாகிவிட்டது. மழை விழுந்தால் செவலையின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நீ வருவாய், மயிலையின் கயிற்றோடு நான் வருவேன். வரப்பின் அந்தப் பக்கம் நீ, இந்தப் பக்கம் நான். ஒரு கொல்லை முடிந்ததும் இரண்டு மாட்டையும் நாம்தான் அடுத்த கொல்லைக்குக் கடத்துவோம். அண்ணனும் தம்பியும் ஒருவரையொருவர் பார்க்காமல் ஒரே ஜோடியை வைத்து உழுதார்கள். ஊர் முதலில் சிரித்தது. அப்புறம், ஒற்றை மாடு வைத்திருந்தவர்களெல்லாம் “கூடமாட அனுப்புறியா?” என்று கேட்கத் தொடங்கினார்கள். பெரிய பேச்சுப் பேசி நீ யாரையும் ஒன்றுசேர்க்கவில்லை. யாருடைய வீம்பையும் பிடுங்கவில்லை. வீம்பு ஒரு பக்கம் இருக்கட்டும் என்று விட்டுவிட்டு, வேலைக்கு மட்டும் வழிசெய்து கொடுத்தாய். எனக்கு அந்தச் சாமர்த்தியம் ஏழு ஜென்மத்துக்கும் வராது. உன்னைப் பார்த்து எத்தனை முறை பெருமையில் பூரித்திருக்கிறேன் தெரியுமா? ஒரு தடவையாவது வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம். இதோ, இப்போது சொல்கிறேன்.

மார்கழியில் காய்ச்சல் நெஞ்சுக்கு ஏறி உன்னைக் கிருஷ்ணகிரிக்குக் கொண்டுபோனபோது, வண்டி எங்களுடையது, மாடு ஆளுக்கு ஒன்று. முன்னால் உட்கார்ந்து ஓட்டியவர் உன் மூத்தார். பின்னால் உன் காலைப் பிடித்தபடி உன் வீட்டுக்காரர். வழி நெடுக இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை. நீ அந்த நிலையிலும் என் கையைச் சுரண்டி, கண்ணால் அவர்களைக் காட்டி லேசாகச் சிரித்தாய். ஒரே வண்டியில் ஏற்றிவிட்டேன் பார் என்கிற சிரிப்பு. திரும்பி வரும்போது நீ அந்த வண்டியில் உட்கார்ந்து வரவில்லை.

இப்போது செவலை சந்தைக்குப் போகிறது. அது போனால் மயிலை ஒற்றை. உன் மகள் பெங்களூரில் எந்தச் சந்தில் யார் வீட்டு வாசலில் விளையாடுவாளோ. நீ கட்டிக் காத்தது நாளையோடு சரி. கொழுந்தனைக் கூப்பிட்டுப் பேசினேன். “அண்ணி, அவ இல்லாம அந்த வரப்புக்குச் செவலையை எப்பிடிக் கூட்டிட்டு வர்றது? என் கால் போவமாட்டேங்குது” என்றார் பாவம். நீ இருந்தால் ஏதாவது மாட்டிடம் பேசியாவது நிறுத்தியிருப்பாய்.

இவ்வளவும் சந்தைக்கு முதல் நாள் எழுதியது. மடித்து வைத்துவிட்டேன். இப்போது மறுபடியும் பிரித்து எழுதுகிறேன். உனக்குச் சொல்லாமல் எப்படி இருப்பேன்?

நேற்றுக் காலை உன் வீட்டுக்காரர் செவலையை ஓட்டிக்கொண்டு கிளம்பினார். குழந்தை என்னிடம் இருந்தது. செவலையின் குளம்புச் சத்தம் வாசலைத் தாண்டியதும் எங்கள் கொட்டிலில் மயிலை கத்த ஆரம்பித்தது. முளைக்குச்சியைப் பிடுங்கிவிடும்போல் இழுக்கிறது. வாசலில் உட்கார்ந்து பல் துலக்கிக்கொண்டிருந்த இவர் எழுந்து போய் மயிலையை அவிழ்த்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“ஏங்க, நீங்களும் விக்கப் போறீங்களா?”

“செவலை அவ்வளவு தூரம் தனியா நடந்து பழக்கமில்ல” என்றார் தரையைப் பார்த்துக்கொண்டு. “கூடமாட ஓட்டிட்டுப் போறேன்.”

கேட்டாயா, உன் மூத்தார் வாயிலிருந்து வந்தது!

நாள் முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. மாலையில் சந்தையிலிருந்து முதலில் வந்தவர் பக்கத்துக் கொல்லை மாதையன். வரும்போதே சிரிப்பு. “உங்கூட்டு ஆளுங்க ரெண்டு பேரும் சந்தையில கூத்துக் கட்டிட்டாங்க. தம்பி செவலையைப் புடிச்சுக்கிட்டு நிக்கறாரு. அண்ணன் மயிலையைக் கொண்டாந்து பக்கத்துல, ஒட்டி நிறுத்திட்டாரு. பேச்சும் இல்ல, பார்வையும் இல்ல. எவன் வந்தாலும் ஜோடியத்தான் வெலை கேக்கறான். ‘ஜோடி இல்ல, செவலை மட்டுந்தான்’னு தம்பி சொல்றாரு. கடைசியா ஒரு ஊத்தங்கரை யாவாரி வந்து, ‘பாத்தா ஜோடி மாதிரிதானே இருக்குது’ன்னான். அதுக்கு அண்ணன் வாயைத் தொறந்தாரு.”

“என்ன சொன்னாரு?” என்றேன்.

“‘ஜோடிதான்யா. விக்கறதுக்கில்ல, போ’ன்னாரு. தம்பி முகத்தைத் துண்டால மூடிக்கிட்டு அங்கயே குந்திட்டாரு.”

இருட்டும் முன்னால் வந்து சேர்ந்தார்கள். முன்னால் இரண்டு மாடும் உரசிக்கொண்டு வருகின்றன. பின்னால் பாதையின் இந்த ஓரம் ஒருவர், அந்த ஓரம் ஒருவர். பெங்களூர் என்று யாரும் வாயெடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை. உன் வீட்டுக்காரர் குழந்தையை வாங்கிக்கொண்டு சுவருக்கு அந்தப் பக்கம் போனார்.

இன்று காலை ஏர். இரண்டு கயிற்றையும் நானே பிடித்துக்கொண்டு போய் உங்கள் கொல்லையில் விட்டுவிட்டு, களி கிண்ட வீட்டுக்கு வந்தேன். குழந்தை சாப்பிட அடம்பிடித்ததில் நேரம் போனதே தெரியவில்லை. உங்கள் கொல்லை முடிந்திருக்குமே, மாட்டைக் கடத்த ஆள் இல்லையே என்று குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடினேன். பாதி வழியில் நின்றுவிட்டேன்.

உன் வீட்டுக்காரரே இரண்டு மாட்டையும் வரப்பைத் தாண்டி ஓட்டிவந்துகொண்டிருந்தார். புங்கமரத்தடியில் உட்கார்ந்திருந்தவர் எழுந்தார். தம்பி கயிற்றை நீட்டினார். அண்ணன் வாங்கிக்கொண்டார். முகத்தைப் பார்க்கவில்லை, மாட்டைத்தான் பார்த்தார்.

“தண்ணி காட்டினியா?”

“காட்டிட்டேண்ணா.”

அவ்வளவுதான் பேச்சு. இத்தனை வருஷத்துக்கு அப்புறம் அண்ணனும் தம்பியும் பேசியது அந்த இரண்டு வார்த்தை. இவர் நுகத்தைப் பூட்டி மேழியைப் பிடித்தார். உன் வீட்டுக்காரர் வீட்டுக்குத் திரும்பவில்லை. மண்கட்டியைக் காலால் உடைத்துக்கொண்டு சால் ஓரமாகவே அண்ணனுக்குப் பின்னால் நடந்தார். நான் பாதையிலேயே குந்தி, உன் மகளை மடியில் வைத்துக்கொண்டு சத்தம் போட்டு அழுதேன். “ஏன் பெரிம்மா அழறே?” என்று அது என் வாயைப் பொத்தியது.

இனி மாட்டை அங்கேயும் இங்கேயும் கடத்த நான் வேண்டியதில்லை. அவர்களே பார்த்துக்கொள்வார்கள். இருந்தாலும் நாளைக் காலையிலும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரப்புக்குப் போய் நிற்கத்தான் போகிறேன், நீ நிற்கிற பக்கத்தில்.